பெயர் எழுதாத சீர்

"கல்யாண வீட்ல கிணறா? கேக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

தெலுக் பங்லிமா காராங்கில் என் அக்கா வீட்டு வரவேற்பறை. ஒரு காலி பெயிண்ட் வாளியும் முட்டைத் தட்டுகளுமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா இப்படிக் கேட்டார். அக்கா மகளுக்குத் திருமணம். அதற்கு முந்தைய வாரம், அவளோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழிகள் சேர்ந்து 'பிரைடல் ஷவர்' வைக்கிறார்கள். "சித்தி, எனக்கு ஒரு விஷ்ஷிங் வெல் செஞ்சு குடுங்க" என்று கைப்பேசியில் படத்தையும் அனுப்பியிருந்தாள். கூரை போட்ட குட்டிக் கிணறு. பரிசுகளை அதற்குள் போட வேண்டுமாம்.

பெரியம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெண்ணைத் தவறான இடத்தில் கட்டிக் கொடுத்தால் 'பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டார்கள்' என்றுதான் நாம் சொல்வோம். கல்யாணத்தையும் கிணற்றையும் சேர்த்து நம் மொழி சொல்லி வைத்திருப்பது அது ஒன்றைத்தான். வெள்ளைக்காரர்களுக்கு அந்த நினைப்பு இல்லை. கிணற்றில் காசு போட்டு வேண்டிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர் கட்டிய எல்லைச் சுவருக்கு அருகில், கொவென்டினா என்ற தேவதையின் கிணற்றை 1876-இல் தோண்டினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்காசுகள் கிடைத்தன. நாம் மட்டும் என்ன? வைத்தீஸ்வரன் கோவில் குளத்தில் வெல்லம் கரைக்கிறோம். ரயில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியாகக் காசு எறிகிறோம். தண்ணீரைக் கண்டால் எதையாவது போட்டுவிட்டு மனத்தில் உள்ளதைச் சொல்லத் தோன்றுகிறது.

பிரைடல் ஷவரில் இந்தக் கிணற்றுக்கு வேறொரு வேலை. பெரிய பரிசு தனியாக இருக்கும். கிணற்றில் விழுவது புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய சின்னச் சாமான்கள்: அகப்பை, டீ வடிகட்டி, துணி கிளிப், பாத்திரம் துலக்கும் நார். பெரும்பாலும் யார் போட்டது என்று பெயர் இருக்காது. எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கடைசி விஷயம்தான்.

நம் கல்யாணங்களில் மண்டப வாசலில் மேசை போட்டு, மொய் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நோட்டைக் குறை சொல்ல மாட்டேன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே நடத்துகிறார்கள். இன்று பத்துப் பேர் ஒருவனைத் தூக்கிவிடுவார்கள், நாளை அவன் அந்தப் பத்துப் பேருக்கும் திருப்பிச் செய்வான். வங்கி கடன் கொடுக்காத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த நோட்டுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் கதை நோட்டில் இருக்காது. நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தபோது, எங்களுக்கு ஐந்து வெள்ளி எழுதிய வீட்டில் கல்யாணம் வந்தது. அம்மாவிடம் இரண்டு வெள்ளிதான் இருந்தது. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கல்யாணப் பெண்ணின் அம்மாவைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பி நின்றதை நானே பார்த்தேன்.

அதனால் பெரியம்மாவிடம், "இது தள்ளிவிடுற கிணறு இல்ல பெரியம்மா, நாமெல்லாம் சேந்து நெரப்புற கிணறு" என்றேன். "என்னமோ செய்" என்றார். அது சம்மதம் மாதிரி.

இனி வேலைக்கு வருவோம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று போதும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வாய் ஏறக்குறைய 30 செ.மீ., உயரம் 36 செ.மீ. இருக்கும். நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் நேராகப் பசை தடவினால் இரண்டு மணி நேரத்தில் உரிந்து விழும். என் முதல் கிணறு அப்படித்தான் தோல் உரித்தது. முதலில் 1 மீட்டர் நீளப் பழைய பருத்தித் துணியை வாளியைச் சுற்றி இறுக்கி ஒட்டிவிடுங்கள். அதன்மேல்தான் கற்கள்.

கற்களுக்கு முட்டைத் தட்டுதான் சரி. ஐந்தாறு தட்டுகளை லேசாக நனைத்து, மேலே கனம் வைத்துத் தட்டையாக்கிக் காயவைத்து, உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கையாலேயே கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டினால் ஓடு மாதிரி இருக்கும், கிழித்தால் கல் மாதிரி இருக்கும். இடையில் விரல் கனம் இடைவெளி விட்டு வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காய ஓர் இரவு முழுக்க மின்விசிறி ஓட வேண்டும். பிறகு சாம்பல் நிறம் அடித்து, பஞ்சுத் துண்டில் கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் வெள்ளையும் தொட்டு ஒற்றி எடுங்கள்.

தூண்களுக்கு 90 செ.மீ. நீளத்தில் இரண்டு மரச்சட்டங்கள். வாளியின் உட்புறம் எதிரெதிராக நிறுத்தி, மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் துளை போட்டு, கேபிள் டையால் இறுக்குங்கள். இதை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட்டால் முடிச்சுகளைக் கற்கள் மறைத்துவிடும். அடியில் இரண்டு செங்கல் வைக்க மறக்காதீர்கள். கூரை ஏறியதும் தலை கனத்து, ஒரு குழந்தை இடித்தாலே சாய்ந்துவிடும். செங்கல்லுக்கு மேலே பாதி உயரம்வரை பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, ஒரு துணியால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கல்யாணப் பெண் தலைகீழாகக் கவிழ்ந்துதான் பரிசை எடுக்க வேண்டியிருக்கும். பெரியம்மா பயந்தது நடந்தே விடும்.

கூரைக்கு 45-க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு கனமான அட்டைகள், சாய்வாக. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பூவை இதன்மேல் ஒட்டாதீர்கள். கோலா லங்காட் கடலோர மாவட்டம். தென்னைக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தக் காலத்து அத்தாப்புக் கூரை மாதிரி பச்சை ஓலையை முடைந்து கட்டினோம். விளிம்பில் தோரணம். பக்கத்துப் பூலாவ் கேரியில் மா மெரி பூர்வகுடி மக்கள் ஓலையை மடித்துச் செய்யும் அலங்காரங்களைப் பார்த்தவர்களுக்கு, ஓலை என்னவெல்லாம் ஆகும் என்று தெரியும். எங்கள் கைக்குக் கிளியும் பாம்பும்தான் வந்தன. ஓலை வேலையை முதல் நாள் மாலை செய்யுங்கள். இரண்டு நாளில் சுருங்கிவிடும். தூண்களுக்குக் குறுக்கே விளக்குமாற்றுக் கம்பு, அதில் கயிறு, கயிற்றின் நுனியில் வாளிக்குப் பதிலாகச் சின்னப் பித்தளைச் செம்பு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூசைச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

அழைப்பிலேயே மூன்று விதி சொல்லிவிட்டோம். 10 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. பெயர் எழுதக்கூடாது. எல்லோரும் ஒரே மாதிரிப் பழுப்புக் காகிதப் பையில்தான் போட வேண்டும்.

அன்று வந்தவர்கள் வரிசை ஏதும் பார்க்காமல் போட்டார்கள். பெரியப்பா போனபிறகு நலங்கு என்றால் பெரியம்மா பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். யார் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார். கிணற்றுக்கு யார் முதலில், யார் கூடாது என்ற பேச்சே வரவில்லை. அவர் எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. தோழிகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் பைகளைப் பிரித்தோம். அகப்பை மட்டும் நான்கு. ஊசி நூல், சம்பல் இடிக்கும் சின்னக் கல்லுரல், மின்சாரம் போனால் ஏற்ற மெழுகுவர்த்தி, ஒரு சுத்தியல். சுத்தியலுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியாக ஒரு பை, அழுத்திப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது. உள்ளே மடித்த கைக்குட்டை. அதற்குள் 50 வெள்ளித் தாள் ஒன்றும், காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிய இரண்டு வரியும். 'எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வர வாடகை வண்டிக் காசு. வேற எதுக்கும் செலவு பண்ணாத.'

10 வெள்ளி விதியை மீறியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா மகள் கைக்குட்டையை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பெரியம்மா சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கூரையைப் பிரித்துவிட்டோம். வாளி இப்போது புதுவீட்டில் அழுக்குத்துணிக் கூடையாக இருக்கிறது. பெயிண்ட் வாளியில் அரிசி மட்டும் போட்டு வைக்காதீர்கள்.