பிரசவத்தில் யாருடைய சம்மதம்?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி முதலிய ஊர்களில் இன்று ஒரு பெண்ணுக்கு மாதம் ஒன்பதாகிவிட்டால், பல வீடுகளிலிருந்து இரண்டு இடங்களுக்கு ஆள் போகின்றது. ஒன்று ஆஸ்பத்திரி, மற்றொன்று சோதிடர் வீடு. டாக்டர் ஒரு வாரத்தைச் சொல்லுகின்றார். சோதிடர் அந்த வாரத்திற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நட்சத்திரத்தையும், ஒரு லக்கினத்தையும், ஒரு மணியையும் குறித்துக் கொடுக்கின்றார். மாமியார், மாமனார், புருஷன், பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்கின்றார்கள். வயிற்றில் கத்தி படப்போகின்ற பெண்ணை மாத்திரம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவளுடைய வேலையெல்லாம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும், சொன்ன மேஜையில் படுப்பதுந்தான்.

நாம் இதை மிகைப்படுத்திச் சொல்லுவதாகச் சிலர் நினைக்கலாம். ஆதலால் கணக்கைப் பார்ப்போம். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன், அதாவது வயிற்றைக் கீறி எடுத்தவை. அதற்கு முந்திய 2015-16ம் வருஷக் கணக்கெடுப்பில் இது 34.1 ஆக இருந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 63.8, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 21.5 தான். உலக சுகாதார ஸ்தாபனம் 1985ல் நூற்றுக்கு 10 முதல் 15க்கு மேல் இதற்குத் தேவையில்லை என்று சொல்லிற்று. 2015ல் மறுபடியும் ஆராய்ந்து, ஒரு தேசத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போவதால் தாயும் சேயும் சாவது மேலும் குறைவதாகக் காணவில்லை என்றும், ஆனால் ஒரு கணக்கை எட்டுவதைக் காட்டிலும் தேவைப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் அறிவித்தது.

அப்படியானால் தமிழ்நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு மற்ற தேசத்துப் பெண்களின் எலும்பைவிட வேறாகிவிட்டதா என்று கேட்கின்றோம். சில வருஷ காலத்திற்குள் நூற்றுக்குப் பத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை மாறிவிட்டதா? மாறவில்லையானால் மாறியது எது?

நிற்க. நாம் இப்படிக் கேட்பதைக் கண்டு, நாம் ஆஸ்பத்திரிக்கும் சஸ்திர சிகிச்சைக்கும் விரோதிகள் என்று யாரும் கருதிவிட வேண்டாம். பழைய காலத்துப் பிரசவத்தைப் பற்றிப் பெருமை பேசுகின்றவர்கள் அதன் யோக்கியதையைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளை பெறுவது தீட்டு என்று சொல்லி, வெளிச்சமும் காற்றும் இல்லாத மூலையில் பெண்ணைத் தள்ளினார்கள். பிரசவம் பார்க்க நாவிதர் வகுப்பைச் சேர்ந்த மருத்துவச்சியை அழைத்து, ஊருக்கெல்லாம் உயிர் கொடுத்த அவள் கையைத் தொட்டால் தீட்டு என்றும் சொன்னார்கள். அவளுக்குக் கூலி ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழைய சேலையும். அவளுக்குக் கல்வி கொடுத்தார்களா? கத்தியைக் கொதிக்கும் நீரில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களா? பிள்ளை குறுக்கே கிடந்தால் குலதெய்வத்திற்கு நேர்ந்துகொண்டார்கள். நஞ்சு முன்னே வந்து இரத்தம் பெருகினால் விதி என்றார்கள். இப்படிப்பட்ட இடங்களில் தக்க சமயத்தில் செய்யும் சிசேரியன் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகின்றது. 2001-03ல் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்திற்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20ல் அது 54 ஆகக் குறைந்தது. இது எந்தச் சாமியும் கொடுத்த வரமல்ல. ஆஸ்பத்திரியும், நர்சும், இரத்த வங்கியும், ஆம்புலன்ஸும் செய்த காரியம்.

ஆகவேதான் 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் படத்தைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் இரத்தம் போக்கி இறந்தாளே, அந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் நாம் வன்மையாய்க் கண்டிக்கின்றோம். “இயற்கை, இயற்கை” என்று பிரசங்கம் செய்கின்றவர்கள், பாம்புக்கடியும் பெரியம்மையும்கூட இயற்கைதான் என்பதை மறந்துவிடுகின்றார்கள். சோதிடருக்குக் கைகட்டி நிற்பதற்கும், இயற்கை வைத்தியர் என்று சொல்லிக்கொள்பவருக்குக் கைகட்டி நிற்பதற்கும் வித்தியாசம் என்ன?

இனி நாள் பார்த்துக் கீறுவதைப் பற்றிச் சில வார்த்தை. பிறந்த நேரந்தான் ஒருவனுடைய ஆயுளையும் செல்வத்தையும் நிர்ணயிக்கின்றது என்பது சோதிடம். அந்த நேரத்தைக் கத்தியைக் கொண்டு மனிதன் மாற்றிவிடலாம் என்றால், பிரமன் எழுதியதாகச் சொல்லும் எழுத்து என்னவாயிற்று? டாக்டர் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தினால் பிள்ளையின் தலைவிதியும் பிந்திவிடுமா? ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நிமிஷத்தில் பிறந்த மில் முதலாளி பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே நிலையிலா வாழ்கின்றன? இவற்றுக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பதில் கிடையாது.

இதில் பணம் மட்டும் போனால்கூட மடமைக்குக் கொடுத்த அபராதம் என்று விட்டுவிடலாம். உடம்பும் போகின்றது. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலில் நீர் நிரம்பியிருக்கின்றது. பிரசவ வலி எடுக்கும்போது தாயின் உடலிலும் பிள்ளையின் உடலிலும் உண்டாகும் மாறுதல்களால் அந்த நீர் வற்றிப் பிள்ளை மூச்சுவிடத் தயாராகின்றது. வலி எடுக்குமுன்பே, அதிலும் 39 வாரம் முடியுமுன்பே வெளியில் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் வருகின்றது என்பது வைத்திய நூலார் கண்ட உண்மை. ரோகிணிக்காகவும் புனர்பூசத்திற்காகவும் பத்து நாள் முன்னே எடுத்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து மூச்சுக்குத் தவிக்கின்றது. வெளியே தகப்பன் மாட்டை விற்கவும் நகையை அடகு வைக்கவும் அலைகின்றான். குறித்துக் கொடுத்த சோதிடர் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. தாய்க்கோ இரத்தச் சேதமும், புண் சீழ் பிடிப்பதும், காலில் இரத்தம் உறைவதும் நேரலாம். அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின்மேல் நஞ்சு ஒட்டிக்கொண்டு உயிருக்கே அபாயமாகலாம். அவசியத்திற்காகக் கீறும்போது இந்த ஆபத்துக்கள் அதைவிடப் பெரிய ஆபத்தைத் தடுக்கின்றன. பஞ்சாங்கத்திற்காகக் கீறும்போது எதைத் தடுக்கின்றன?

இதில் நம் தோழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. புரோகிதர் இல்லாமல், ராகு காலம் பார்க்காமல் சுயமரியாதைக் கலியாணம் செய்துகொண்டதாக மேடையில் பெருமை பேசுகின்ற சிலரே, பேரப்பிள்ளை பிறக்கும் சமயத்தில் “வீட்டுப் பெண்கள் கேட்கவில்லை” என்று சொல்லிக்கொண்டு இரகசியமாய் நட்சத்திரம் பார்க்கின்றார்கள். கலியாணத்தில் புரோகிதரை வாசலில் நிறுத்திவிட்டுப் பிரசவ அறைக்குள் அவரை அழைத்துக்கொண்டு போவது எந்த வகைப் பகுத்தறிவு?

சோதிடர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடுவதும் நியாயமாகாது. தனியார் ஆஸ்பத்திரியில் கத்திக்கு உள்ள கட்டணம் காத்திருப்பதற்கு இல்லை. ஒரே டாக்டரம்மாள் இரவும் பகலும் பார்க்கிற இடத்தில், பதினாறு மணி நேரம் வலியைக் கவனித்திருப்பதைவிட முக்கால் மணியில் முடித்துவிடுவது சுலபமாயிருக்கின்றது. ஏதேனும் நேர்ந்தால் கண்ணாடியை உடைக்கும் கூட்டத்திற்கும் வழக்கிற்கும் பயந்து கத்தியை எடுக்கின்றவர்களும் உண்டு. இலாபமே இல்லாத சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் 36 ஆவதைக் கவனிக்க வேண்டும். சிக்கலான கேசுகள் அங்கே அனுப்பப்படுகின்றன என்பது ஒரு காரணம். முதல் பிரசவத்தில் கீறிவிட்டால் இரண்டாவதிலும் பெரும்பாலும் கீறுகின்றார்கள் என்பது மற்றொன்று. தக்க வசதியுள்ள இடத்தில் கவனமாய்ப் பார்த்தால், ஒரு தடவை சிசேரியன் ஆன பெண்களிலும் பலர் அடுத்த பிள்ளையைச் சாதாரணமாகவே பெறலாம் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லுகின்றார்கள்?

எனவே பிரச்சினை கத்தியா, கத்தியில்லாமலா என்பது மட்டுமல்ல. யார் தீர்மானிப்பது, எதைத் தெரிந்துகொண்டு தீர்மானிப்பது என்பதே. இதில் சட்டம் நம் வழக்கத்தைவிட முன்னே போயிருக்கின்றது. 2008ல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தீர்ந்தது. பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அவளுடைய தாயாரின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். புத்தி சுவாதீனமுள்ள வயது வந்த பெண்ணுக்காக வேறொருவர் சம்மதம் கொடுக்க முடியாது என்றும், சிகிச்சையின் தன்மை, நோக்கம், நன்மை, ஆபத்து, வேறு வழிகள், மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைச் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும் என்றும், உயிருக்கு உடனே அபாயமான சமயத்திற்கு மட்டுமே விலக்கு என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டத்திலும் வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் புருஷன் கையெழுத்து வேண்டுமென்று சர்க்கார் விதி சொல்லவில்லை. அப்படியிருக்க, வலியில் துடிக்கும்போது அச்சடித்த காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும், அதே மேஜையில் “காப்பர்-டி போடுகிறோம்” என்பதும் சம்மதமாகுமா? அடமானப் பத்திரத்தைக்கூடப் படித்துக் காட்டித்தானே கைநாட்டு வாங்குகின்றோம்?

“படிக்காத பெண்ணுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்று சிலர் கேட்பார்கள். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழத்திற்கு விலை பேசத் தெரிந்தவளுக்கு, பல்லைப் பார்த்து மாடு வாங்கத் தெரிந்தவளுக்கு, தன் வயிற்றைப் பற்றிச் சொன்னால் மட்டும் விளங்காதா? விளங்கும்படி தமிழில் சொல்லவில்லை என்பதே உண்மை. “அவசரத்தில் பாடம் நடத்த முடியுமா?” என்று டாக்டர்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் அவசரம் வருவதற்கு முன்னே எட்டு மாத காலம் அவள் மாதந்தோறும் உங்களிடம் வந்து போகின்றாளே, அப்பொழுது சொல்லக் கூடாதா?

“பெண்களேதான் வலிக்குப் பயந்து ஆபரேஷன் கேட்கின்றார்கள்” என்று மற்றொரு சமாதானம் சொல்லப்படுகின்றது. வலியை யார் விரும்புவார்கள்? 1847ல் எடின்பரோ நகரத்து டாக்டர் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுத்தபோது, வேதனையோடு பெறவேண்டுமென்பது ஆண்டவன் கட்டளை என்று சொல்லி எதிர்த்தவர்கள் உண்டு. 1853ல் விக்டோரியா ராணியே அதை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கூச்சல் தணிந்தது. இன்று முதுகில் ஊசி வழியாய் வலியைக் குறைக்க முறை இருக்கின்றது. அது நம் ஏழைப் பெண்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றது? பக்கத்தில் வேண்டியவர் ஒருவர் இருந்தால் பயம் குறைகின்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018ல் வெளியிட்ட பிரசவ விதிகள் சொல்லுகின்றன. “கத்தாதே” என்று அதட்டுகின்ற வார்டில் பயப்படாமல் என்ன செய்வாள்? எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு பெண் ஆபரேஷனே வேண்டுமென்றால், அது அவள் சுதந்திரம். தெரியாமல் கேட்பது சுதந்திரமாகாது.

ஆதலால் நாம் வேண்டுவது அதிகமில்லை. கர்ப்ப காலத்திலேயே ஏழாவது மாதத்திற்குள் தமிழில் எல்லாவற்றையும் சொல்லிப் பெண்ணிடமே சம்மதம் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மாதந்தோறும் எத்தனை பிரசவம், எத்தனை சிசேரியன், என்ன காரணம் என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். சாதாரணப் பிரசவத்தைப் பொறுமையாய்ப் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைச் சர்க்கார் தாலுகா ஆஸ்பத்திரிதோறும் நியமிக்க வேண்டும். இதற்கு 2018லேயே மத்திய சர்க்கார் வழிகாட்டு விதிகள் வெளியிட்டாயிற்று.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போகத் தெரிந்த நம் ஜனங்கள், கர்ப்பிணியான மனைவியோடோ மகளோடோ டாக்டரிடம் போய் ஐந்து கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். இது எதற்காக? இதனால் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிலைக் கேட்டு முடிவு சொல்லும் வாய் அந்தப் பெண்ணின் வாயாக இருக்கட்டும். ஆண்கள் பக்கத்தில் நின்று, இரத்தம் தேவையானால் கொடுக்கவும், வண்டிக்கு ஓடவும் தயாராக இருந்தால் போதும்.