"ஆறு வாரம் கழித்து வா": நஷ்டம் யாருக்கு?

வலது விலாவுக்குக் கீழே வலி. அது தோள்பட்டைக்கு ஏறுகிறது. வாந்தி, குளிர் ஜுரம். மில்லில் சொன்னால் "வாயு" என்கிறார்கள். பண்ணையில் சொன்னால் "டிமிக்கி கொடுக்கிறான்" என்கிறார்கள்! ஒரு வலி ஊசி, ஒரு சோடா, மறுபடி வேலை.

வாயு என்று யார் சோதித்துக் கண்டார்கள்? பித்தப்பையின் குழாயைக் கல் அடைத்துக்கொண்டால் பை வீங்கும், கிருமி பிடிக்கும். விட்டுவிட்டால் அழுகும், வெடிக்கும், ரத்தமே விஷமாகும். டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்தி மூச்சிழுக்கச் சொல்வார். வலியில் மூச்சு பாதியில் நின்றால் சந்தேகம் பலப்படும். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். சர்க்கரை வியாதிக்காரருக்கும் முதியவருக்கும் வலியும் ஜுரமும் குறைவாகவே தெரியலாம், ஏமாந்துவிடக் கூடாது. நடவுப் பெண்களே, இந்தக் கல் ஆண்களைவிட உங்களுக்கே அதிகம் வருகிறது.

பித்தப்பையை அறுத்தெடுக்கும் வித்தை புதிதல்ல. 1882-லேயே பெர்லினில் லாங்கன்புக் செய்துவிட்டார். சிறு துளைகள் வழியே எடுப்பதும் 1985 முதல் நடக்கிறது. ஆனாலும் "மருந்து தருகிறோம், ஆறு வாரம் கழித்து வா" என்ற பழைய வழக்கம் ஏழைக்கு மட்டும் போகவில்லை! 2013-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆராய்ச்சியில் 618 நோயாளிகள். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத் தொல்லை. ஒரு வாரத்துக்கு மேல் காக்க வைக்கப்பட்டவர்களில் 34 பேருக்கு! படுக்கையும் 10 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. நமக்கோ காத்திருப்பது என்றால் இரண்டு முறை கூலி இழப்பு. (உறுப்புகள் கெட்டு, ஆபரேஷனைத் தாங்காதவருக்கு முதலில் குழாய் போட்டுச் சீழை வடிப்பதும் உண்டு, அது டாக்டரின் முடிவு.)

டாக்டர்களை நாம் பழிக்கவில்லை. ஒரே ஆபரேஷன் தியேட்டர், ஒரே மயக்க டாக்டர் என்றால் அவர் என்ன செய்வார்? பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் ஈ.எஸ்.ஐ. சந்தாவில் முதலாளியின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தது. நம் பங்கும் 1.75-லிருந்து 0.75 ஆனதே என்பார்கள். அந்த ஒரு சதவீதத்தில் நாம் ஸ்கேன் மிஷின் வாங்க முடியுமா? வயல் வேலைக்காரனையோ 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம் எட்டியே பார்க்கவில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் இரவிலும் ஸ்கேன் வேண்டும். சேர்ந்த ஓரிரு நாளில் ஆபரேஷன் வேண்டும். படுத்த நாட்களுக்கு வயல் தொழிலாளிக்கும் கூலி வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுக் கலெக்டரிடம் கொடுப்போம்.