அந்த 5 மில்லிவோல்ட்!

ஃபெட் என்றால் நம் லேபில் ஆம்ப்ளிஃபயர், சுவிட்ச், அவ்வளவுதான். கேட் உலோகத்துக்குப் பதிலாக உப்புக் கரைசலை வைத்து அயனியை அளக்கலாம் என்று 1970லேயே காட்டினார் நெதர்லாந்தின் பெர்க்வெல்ட். இப்போது சிலிக்கான் இடத்தில் ஓரணுத் தடிமன் கிராஃபீன். வளையும், கரண்ட் நன்றாகப் பாயும், சரி. அதுக்காக எல்லாத்தையும் கிராஃபீனே பார்த்துக்கும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பொட்டாசியத்தைப் பொறுக்கியெடுப்பது மேலே பூசிய வாலினோமைசின் சவ்வு. செறிவு பத்து மடங்கு ஏறினாலும் அந்தச் சவ்வில் கிடைப்பது சுமார் 59 மில்லிவோல்ட்தான். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு 5 மில்லிவோல்ட் நகர்ந்துவிட்டால், ரத்தத்தில் லிட்டருக்கு 5 மில்லிமோல் இருக்கிற பொட்டாசியத்தை 6 என்று காட்டும். சிறுநீரக நோயாளிக்கு அந்த ஒன்று இதயத்துடிப்பு சமாச்சாரம். அந்த 5 மில்லிவோல்ட்டை யார் பிடிப்பது? காலிப்ரேஷன் தெரிந்த நம்ம டிப்ளமோ பசங்கதானே!