எதிரில் வருபவருக்கு மாலைக்கண் கொடுக்காதீர்கள்

சீனப் புத்தாண்டுக் காலத்தில் ஆயர் ஈத்தாம் கெக் லோக் சீ கோயில் இரவில் விளக்குகளால் ஜொலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளியைப் பார்த்த கண்ணோடு, அணைக்கட்டுக்கு ஏறும் வளைந்த சாலையின் இருட்டான பகுதியைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரம் நின்றால் மரங்களும் சாலையோரமும் மெல்லத் தெரியத் தொடங்கும். சாலை மாறவில்லை, மாறியது உங்கள் கண்.

கண்ணின் பின்புறம் உள்ள விழித்திரையில், நாம் பார்ப்பதற்கு உதவும் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் சுமார் 6 மில்லியன். நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை இவை. குச்சி செல்கள் சுமார் 120 மில்லியன். இவை நிறத்தைப் பிரித்துக் காட்டா. ஆனால் மிக மங்கலான ஒளியிலும் வேலை செய்யும். இருட்டில் எல்லாப் பொருளும் சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான்.

குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதன் ஒரு பகுதி வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகிறது. ஒளி பட்டதும், வளைந்திருக்கும் அந்தப் பகுதி நிமிர்கிறது. பார்வை அங்கேதான் தொடங்குகிறது. இந்த வேதியியலை விளக்கிய ஜார்ஜ் வால்ட், 1967-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

நிமிர்ந்த நிறமி பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அதனால்தான் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. வைட்டமின் ஏ மிகவும் குறைந்துபோனால் இந்த நிறமி போதிய அளவு உருவாகாது. அப்போது வரும் குறையைத்தான் மாலைக்கண் என்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். உங்களில் பலர் விரைவில் இரவுச் சாலைக்கு வரப்போகிறீர்கள். எதிரே ஆள் வரும்போதும் ஹை பீம் விளக்கை அணைக்காமல் போனால், அவருடைய கண்ணுக்குள் ஒளி சிதறி, சாலையை மறைக்கிறது. நீங்கள் கடந்த பிறகும், இருட்டுக்குப் பழகியிருந்த அவர் கண் உடனே மீள்வதில்லை. அதாவது, நல்ல கண் உள்ளவருக்கு நீங்கள் சில விநாடிகள் மாலைக்கண் கொடுக்கிறீர்கள்.

சில விநாடிதானே என்று நினைக்காதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 3 விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடுவார். அந்த 50 மீட்டரில் ஒரு வளைவு இருக்கலாம். சாலையைக் கடக்கும் ஒருவர் இருக்கலாம். வயதானவர்களுக்கு இன்னும் சிரமம். அவர்கள் கண்ணின் வில்லை மங்குவதால் ஒளி அதிகம் சிதறும். கண் மீளவும் கூடுதல் நேரமாகும். எதிரே வருபவர் உங்கள் தாத்தாவாகவே இருக்கலாம்.

"விளக்கில்லாத மலைச்சாலையில் ஹை பீம் இல்லாமல் எப்படிப் போவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆள் இல்லாத சாலையில் தாராளமாகப் போடுங்கள். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் தாழ்த்துங்கள், வேகத்தையும் குறையுங்கள். அவர் கடந்த பிறகு மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை வரவில்லையா? இன்றிரவு வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வெளிச்சமான அறையில் ஒரு கண்ணைத் துணியால் நன்றாக மூடி 20 நிமிடம் உட்காருங்கள். பிறகு விளக்கை அணைத்து, துணியை எடுத்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். மூடியிருந்த கண்ணுக்கு அறை தெரியும். திறந்திருந்த கண்ணுக்கு இருட்டுதான் தெரியும்.

ஹை பீம் வெளிச்சம் பட்டவர் அந்த இருட்டோடுதான் வண்டி ஓட்டுகிறார். விளக்கைத் தாழ்த்தும் விசை உங்கள் இடது கட்டைவிரல் பக்கத்திலேயே இருக்கிறது.