சேயின் அறையில் தாய்க்கு இடம்

மேலை வங்கத்துப் புருலியா மாவட்ட மருத்துவமனையில் 2003ஆம் ஆண்டு, நோயுற்ற பச்சிளங் குழவியர்க்கெனத் தனிப்பிரிவொன்று தொடங்கப்பெற்றது. பெருநகரங்களிலேயே கிட்டிவந்த பண்டுவம் பின்தங்கிய மாவட்டத்துக்கும் எட்டியது. பின்னர் 2011இல் நடுவணரசு நாடு முழுமைக்கும் மூவடுக்கு முறையை வகுத்தது. பேறு நிகழும் இடந்தோறும் குழவிக்குக் கதகதப்பும் மூச்சும் ஊட்டுதற்கு ஒரு மூலை; வட்டார மருத்துவமனையில் உடல்நிலையைச் சீர்ப்படுத்தும் பிரிவு; ஆண்டுக்கு 3,000 பேறுகளுக்கு மேல் நிகழும் மாவட்ட மருத்துவமனையில் 12 படுக்கையேனும் கொண்ட சிறப்புப் பிரிவு.

அடுக்குமுறை செவ்வியதே. ஆயின், கட்டட அமைப்பில் தாயை மறந்தனர். பல இடங்களில் குழவி கண்ணாடிக் கதவினுள்ளே. ஈன்றவளோ வெளியே தாழ்வாரத்தில்! பொறிக்குக் கிடைத்த இடம் பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை.

உலக நலவாழ்வு அமைப்பு கானா, இந்தியா, மலாவி, நைசீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுடன் பிறந்த குழவியரை உடனே தாய்மார்பில் அணைத்து வைத்தவிடத்து, 28 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. உடல்நிலை சீரான பின்னரே அணைத்தவிடத்து ஏறத்தாழ 16. ஆய்வு நிகழ்ந்த மருத்துவமனைகளுள் ஒன்று தில்லியிலேயே உள்ளது. இதனைக் கற்கக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

தாயின் கட்டிலும் சேயின் தொட்டிலும் அருகருகே அமைதல் வேண்டும். அவளுக்குரிய மகப்பேற்றுப் பண்டுவமும் அவ்வறையிலேயே கிடைத்தல் வேண்டும். இனி எழும் ஒவ்வொரு பிரிவின் வரைபடமும் அவள் கட்டிலிலிருந்தே தொடங்குக. ஓரடுக்கிலிருந்து மேலடுக்குக்குக் குழவியை ஏற்றிச் செல்லும் ஊர்தியிலும் அவளுக்கு இடமிருத்தல் வேண்டும்.