பிள்ளைக்கு வாங்கும் முதல் கேரம் பலகை

 

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸாவுக்குத் திரும்பியபோது, வாயிலில் ஒரு சகோதரர் எனக்காகக் காத்திருந்தார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி அவர். அவருடைய பன்னிரண்டு வயது மகள் எங்களிடம் ஓதி வருகின்றாள்.

"ஹஜ்ரத், பெருநாளைக்குப் புத்தாடையைக்கூடக் குறைத்துக்கொண்டு கேரம் போர்டு கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். இப்போது அது வேண்டாமாம்; வேறு பெரிய போர்டு வேண்டுமாம். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த ஆசை தேவையா? நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார்.

சொல்லித் திருத்துவோம் என்ற எண்ணத்துடன்தான் இராயபுரத்தில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சென்றேன். அங்கே திருந்தியவன் நான்தான்.

அவர் வாங்கியிருந்த பலகை இருபது அங்குலச் சதுரம் இருக்கும். விளிம்பெல்லாம் வண்ணப் பூக்கள். நடுவில் ஒரு காயை வைத்தால் அது தானாகவே ஓரமாக நகர்ந்தது. அவ்வளவு மெல்லிய ஒட்டுப்பலகை, அதற்குள் வளைந்துவிட்டிருந்தது. "ஹஜ்ரத், நான் சரியாக அடித்தாலும் இதில் காய் விழுவதில்லை. தப்பாக அடித்தால் விழுகிறது. நான் அடிப்பது சரியா தப்பா என்று இந்தப் போர்டு சொல்ல மாட்டேன் என்கிறதே!" என்றாள் அந்தச் சிறுமி.

பிழையாக ஓதும் ஒருவரிடம் முதற்பாடம் பயின்ற பிள்ளையைப் பின்னர் திருத்துவது எத்துணைக் கடினம் என்பதை நாள்தோறும் காண்பவன் நான். எழுத்தின் உச்சரிப்பு தவறாக நாவில் ஏறிவிட்டால், அதை இறக்க ஆண்டுகள் ஆகின்றன. கைக்கும் அதே நியதிதான். எனவே கேரம் ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பதை விவரம் அறிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதி பலகைக்கே போக வேண்டும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988ஆம் ஆண்டு நமது சென்னையில்தான் உருவாயிற்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அச்சம்மேளனத்தின் விதிப்படி ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரையிலான சதுரம். அதாவது ஏறத்தாழ 29 அங்குலம். ஒட்டுப்பலகையின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சிறுபிள்ளைதானே என்று சிறிய பலகை வாங்குவது அன்பினால் செய்யும் தவறு. தூரமும் கோணமும் கையில் பதிய வேண்டிய வயதில், போட்டியில் எங்குமே இல்லாத ஓர் அளவைப் பிள்ளையின் கை மனப்பாடம் செய்துவிடும்.

கடையில் சோதிக்க இரண்டே வழிகள் போதும். நேரான நீண்ட அளவுகோல் ஒன்றை மூலைக்கு மூலை நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை வளைந்தது என்று பொருள். பிறகு ஸ்ட்ரைக்கரை முழு வேகத்துடன் எதிர்க்கட்டை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பலகையில் அது மூன்றரை முறை போய்வரும். பளபளப்பையும் பூ வேலையையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து ஸ்ட்ரைக்கர். கனமாக இருந்தால் நன்றாக அடிக்கலாம் எனப் பலரும் எண்ணுகின்றனர். அதன் எடை 15 கிராமுக்கு மேல் போகலாகாது, விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. உலோகத்தாலோ தந்தத்தாலோ செய்திருக்கவும் கூடாது. விளிம்பில் சிறு வெட்டுக்கூட இல்லாத, சமதளமான ஸ்ட்ரைக்கர் ஒன்று போதும். அடிக்கடி மாற்றாதீர்கள். ஒன்றோடு விரல் பழகட்டும்.

காய்கள் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது. மரக்காய்களே வாங்குங்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம் எடை இருக்க வேண்டும். வெள்ளையை ஒரு தூணாகவும் கறுப்பை ஒரு தூணாகவும் அடுக்கிப் பாருங்கள். உயரம் வேறுபட்டால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பவுடர் குறித்து தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேரம் பலகைக்குப் பயன்படும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் கை கழுவிய பின்னரே உணவில் கை வைக்கட்டும். ஒரு சிட்டிகையைத் துணியால் பரப்பினாலே போதும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நம் பகுதியில் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். கட்டிலின் மீதோ பரணிலோ படுக்கை வசமாக வையுங்கள்.

ஸ்டாண்டு, தனி விளக்கு, பை, உறை ஆகியவை எல்லாம் பிறகு. ஆட்டம் பிடித்துப்போய் ஆறு மாதம் நிலைத்து நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். செல்வந்தர் ஆடும் கோல்ஃப் விளையாட்டில் ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டு செல்ல விதி இடமளிக்கின்றது. ஆனால் அங்கும் புதியவர்களுக்குப் பாதி போதும் என்றே அனுபவசாலிகள் கூறுகின்றனர். குறைவாக வாங்கு, ஆனால் அளவு தவறாததாக வாங்கு என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான நெறி போலும்.

இனி அந்தச் சகோதரரின் இரண்டாவது கேள்வி: பெண் பிள்ளைக்கு இது தேவையா?

நான் நம் வட்டாரத்தையே அவருக்குச் சாட்சியாகக் காட்டினேன். வியாசர்பாடியில் எளிய குடும்பத்தில் பிறந்த இளவழகி, 2008ஆம் ஆண்டு பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது பதினேழு. அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுபவர். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, சென்னையின் மரிய இருதயம் கேரம் ஆடியே 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றார்.

விளையாட்டில் நாட்டம் கூடாது எனக் கருதும் பெரியோர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் உண்டு. பந்தயம் வைத்தால் அது சூதாகிவிடும். தோற்றவர் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பதும் பந்தயமே. மஃரிபுடைய பாங்கு கேட்ட பின்னும் கை பலகையில் இருந்தால், ஆட்டம் நம்மை ஆடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இவ்விரண்டையும் வீட்டிலேயே வரம்பாக வகுத்துவிடுங்கள். எதற்கும் வரம்பின்றித் தெருவுக்குப் போகும் பிள்ளையைவிட, வரம்போடு வீட்டில் ஆடும் பிள்ளை மேல் அல்லவா?

அந்தச் சகோதரர் என்ன செய்தார் தெரியுமா? புதிய பலகைக்குப் பணம் போதவில்லை. பக்கத்துப் பயிற்சி மன்றம் ஒன்றில் பழைய பலகைகளை மாற்றுவதாகக் கேள்விப்பட்டு, முழு அளவுப் பலகை ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெற்றார். கோடுகள் மங்கியிருந்தன, ஆனால் அளவுகோலின் அடியில் வெளிச்சம் தெரியவில்லை. ஸ்ட்ரைக்கரும் காய்களும் மட்டும் புதிதாக வாங்கினார். பழைய பூப்போட்ட பலகை இப்போது வீட்டில் அரிசி புடைத்து உலர்த்தப் பயன்படுகின்றது.

அண்மையில் அந்தச் சிறுமி முதன்முறையாக ஒரு போட்டிக்குச் சென்றாள். முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். ஆறுதல் சொல்லலாம் என்று தந்தையைக் கண்டபோது, அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

"சிவப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பின் போட வேண்டிய காயைத் தவறவிட்டுவிட்டாள், ஹஜ்ரத். எங்கே தவறியது என்று அவளே சொல்கிறாள். இராத்திரி அதே அடியை நாற்பது தடவை அடித்துப் பார்த்தாள்" என்றார். சற்று நேரம் கழித்து, "நானும் எதிரே உட்கார்ந்து காய் எடுத்துக் கொடுத்தேன்" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நல்ல ஆசைகளுக்கு நம்மைத் துணையாக்கி வைப்பானாக! ஆமீன்.