பாடு என்னும் சொல்லும் பதினைந்து புள்ளிகளும்

உயர்கணக்கைத் தமிழில் சொல்ல முடியாது என்பார் இன்னும் உளர். அன்னார் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் சென்று, 'பாடு' என்னும் ஒரு சொல்லைக் கேட்டறிதல் நன்று.

தமிழகத்தின் வடகோடியில், ஆந்திரத்தோடு பகிர்ந்து கிடக்கும் அவ்வேரியில் மீன்வளம் எவ்விடத்தும் ஒப்ப அமைந்ததன்று. ஓரிடத்து இறால் மிகும்; மற்றோரிடத்துக் குறையும். வலியார் நல்லிடத்தை வளைத்துக்கொண்டால் எளியார் வலை வெறும் வலையே. அந்நிலை நேராவண்ணம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்கள் பாடு முறையைக் கைக்கொண்டன. வலையிடும் இடங்களைப் பகுத்துச் சீட்டெடுத்து முறைமாற்றி நுகர்தலே அம்முறை.

இதனையொத்த வினாவொன்றைக் கணக்கறிஞரும் ஆய்ந்துள்ளனர். 15 படகுகள், 5 இடங்கள், இடத்துக்கு 3 படகுகள் எனக் கொள்வோம். ஏழு நாளில் எந்த இரு படகும் ஒரேயொரு முறை மட்டும் ஓரிடத்துச் சேர வேண்டும். 1850-இல் கிர்க்குமன் என்னும் ஆங்கிலேயர் பள்ளிச் சிறுமியர் பதினைவரை வைத்து எழுப்பிய வினா இதுவே.

இதற்கு விடை தருவது வரம்புறு வீழ்ப்பு வடிவியல். எண்ணி முடிக்கத்தக்க புள்ளிகளே உடையது. சுழி, ஒன்று ஆகிய இரண்டையும் நான்கிடத்தில் மாற்றி மாற்றி எழுதினால் 16 வரிசைகள் வரும். நான்கும் சுழியானதை நீக்கின் எஞ்சுவன 15, அவையே புள்ளிகள். இரு புள்ளிகளை இடத்துக்கிடம் கூட்டுக. ஒன்றும் ஒன்றும் கூடின் சுழி எனக் கொள்க. 1011, 0110 இரண்டும் கூடி 1101 ஆகும். அம்மூன்றும் சேர்ந்தது ஒரு கோடு. இங்ஙனம் 35 கோடுகள் கிட்டும். ஒன்றையொன்று தொடாத ஐந்து கோடுகளைத் தேர்ந்தால் 15 புள்ளிகளும் அவற்றுள் அடங்கும். ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இருமுறை வாராது. 35 கோடுகளையும் அத்தகைய ஏழு குழுக்களாகப் பகுக்கலாம். ஏழு குழுவும் ஏழு நாள்! கோடு போன்ற உள்வெளிகளை இவ்வாறு குழுப்படுத்துதல் இத்துறையின் தலையாய பணிகளுள் ஒன்று. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய இராசசந்திர போசு, 1939-இல் வரம்புறு வடிவியலைக் கொண்டே வேளாண் ஆய்வு முதலியவற்றுக்கான பகுப்புகளை அமைத்துக் காட்டினார்.

பழவேற்காட்டு மீனவர் இவ்வடிவியலைக் கண்டனர் என்பது பொய்ப்பெருமை. அது நமக்கு வேண்டா. ஆயின், பங்கீடு ஒழுங்குற வேண்டும் என்னும் வேட்கையும் அதற்கொரு சொல்லும் அவர்பால் உண்டு. அவ்வைந்து கோட்டுக் குழுவுக்கு ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து இடர்ப்படுவானேன்? 'பாடு' என்றே பெயரிடலாம். கலைச்சொல் அகரமுதலியில் மட்டும் பிறப்பதன்று. கரையிலும் களத்திலும் பிறப்பது.

குப்பமும் அக்கணக்கிலிருந்து கற்க வேண்டுவது ஒன்றுண்டு. வடிவியலின் பாட்டில் ஒரு புள்ளியும் விடுபடாது. ஏரியின் பாட்டிலோ உரிமை பெற்ற குடியினர்க்கே இடம். பிறர்க்கு அம்முறைப்படி பங்கில்லை. பிறப்பால் ஒருவனை விலக்கும் பங்கீடு முழுமையான பங்கீடாகாது.

கல்வியிலும் அஃதே. ஆங்கிலம் அறிந்தார்க்கே உயர்கணக்கு என்றால், குப்பத்துப் பிள்ளை விடுபட்ட புள்ளியே. அவ்விடுபாடு பிள்ளையின் குறையன்று, நம் குறை. புலவர்கள் சொல்லாக்குக! கணக்காசிரியர்கள் தமிழில் நூல் யாக்க! பள்ளிகள் முதற்பாடத்தை ஏரியிலிருந்தே தொடங்குக!